ஆட்டுப்பால் சோப்பு: உருக்கி ஊற்றவா, காஸ்டிக் சோடா கலக்கவா?

சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் ஆட்டுப்பால் சோப்பு செய்ய இரண்டு வழி உண்டு. ஆட்டுப்பால் சோப் பேஸை (ஏற்கெனவே தயாரான சோப்புக் கட்டியை) வாங்கி உருக்கி, மணம் சேர்த்து அச்சில் ஊற்றலாம். இல்லையென்றால் எண்ணெய், பால், காஸ்டிக் சோடா (தோலை அரிக்கும் கடும் காரம்) கலந்து முதலிலிருந்து நாமே செய்யலாம்.

உருக்குவது சுலபம். சில மணி நேரத்தில் இறுகிவிடும், மறுநாளே குளிக்கலாம். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றை அதிலுள்ள கிளிசரின் இழுத்து, சோப்பின் மேல் முத்து முத்தாக வியர்க்கும். இறுகிய கையோடு பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழியில்தான் பாலின் அருமை தெரியும். பாலைக் கட்டியாக உறையவைத்து, அதன்மேல் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். முதல்முறை நான் அவசரப்பட்டேன். சூட்டில் பால் ஆரஞ்சு நிறமாகி, மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தது. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த சன்னல் கட்டாயம். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அப்புறம் இதை எண்ணெயில் கலந்து அச்சில் ஊற்றி, இறுகிய சோப்பு 4 முதல் 6 வாரம் உலர வேண்டும். நான் மின்விசிறிக்குக் கீழே அடுக்கிவைப்பேன்.

மணத்திலும் வித்தியாசம் உண்டு. காஸ்டிக் சோடா சோப்பில் எலுமிச்சை மணம் சீக்கிரம் போய்விடும், வெட்டிவேர் நிற்கும். மல்லிகை போன்ற பூ வாசனை எண்ணெய்கள் கலவையைப் பெரும்பாலும் சட்டென்று கெட்டியாக்கிவிடும். லிட்டில் இந்தியாவின் தேக்கா பூக்கடை வாசம்தான் வேண்டுமென்றால் உருக்கும் முறையே நல்லது.

தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறதா? உருக்கி ஊற்றுங்கள். ஆவணியிலேயே தொடங்க முடிந்தால், என் ஓட்டு இரண்டாவதற்கே.