காசிமேட்டில் டர்க்ஹைமும் மார்க்ஸும்

சமூகவியல் படிக்கத் தொடங்கும் மாணவர் முன் முதலில் வந்து நிற்பவை செயற்பாட்டுக் கோட்பாடும் முரண்பாட்டுக் கோட்பாடும்தான். முன்னதற்கு எமில் டர்க்ஹைம், பின்னதற்குக் கார்ல் மார்க்ஸ் என்று மனப்பாடம் செய்தே தேர்வில் தேறிவிடலாம். வடசென்னைப் பிள்ளைகள் அதோடு நின்றுவிடக் கூடாது. இரண்டையும் உரசிப் பார்ப்பதற்கான கல் அவர்கள் தெருவிலேயே கிடக்கிறது.

சமூகத்தின் ஒவ்வோர் உறுப்பும் முழுமைக்காக ஒரு பணியைச் செய்கிறது என்பது செயற்பாட்டுக் கோட்பாடு. வடசென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கரையில் நிற்பவை விசைப்படகுகள். வேலை இழப்பவர்களோ கடலுக்கே போகாத ஐஸ் தொழிலாளி, ஏலம் விடுபவர், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்கள் என்று நீள்கிறார்கள்.

முரண்பாட்டுக் கோட்பாடு அதே துறைமுகத்தில் நின்றுகொண்டு, யாருக்கு எவ்வளவு என்று கேட்கிறது. பங்கு முறையில் டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகே மீதி, படகு உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பிரிகிறது. டீசல் விலை ஏறினால், விலையில் எந்தப் பேச்சுரிமையும் இல்லாத தொழிலாளியின் பங்கும் சுருங்கும்.

என் சாய்வு இந்தக் கேள்வியின் பக்கம்தான். பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் பள்ளி நடத்தியது, குடியிருப்பு கட்டித் தந்தது. உறுப்புகள் இசைந்து இயங்கின என்று மட்டும் சொன்னால், 1918இல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏன் பிறந்தது என்பதற்கு விடை கிடைக்காது. நீண்ட வேலை நேரமும், போதாத உணவு இடைவேளையும், மேலதிகாரிகளின் அவமதிப்பும் சேர்ந்தே அதை உருவாக்கின.

முரண்பாட்டுக் கோட்பாட்டை வர்க்கத்தோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் 1921இல் தடுக்கி விழும். அந்த ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை இதே ஆலைகளில் நீடித்த வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மோதல் புளியந்தோப்பில் கலவரமாக வெடித்தது, குடிசைகள் எரிந்தன. முதலாளியும் தொழிலாளியும் என்ற இரண்டே கட்சிகளை வைத்து இதை எப்படி விளக்குவது? சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நில்லாமல் உழைப்பாளர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதை இங்கே சேர்த்தாக வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பகுதியின் தொழிலாளர் வரலாற்றைச் சொல்லித்தருவது, எரிந்த குடிசைகளின் மக்களுக்குச் செய்யும் அநீதி.

அப்படியானால் டர்க்ஹைம் எதற்கு? 1996இல் அதே ஆலை மூடப்பட்டதைப் புரிந்துகொள்ள அவர் வேண்டும். பழகிய நெறிகள் திடீரெனப் பிடி தளரும் நிலையை அவர் ‘அனோமி’ என்றார். கூலி நின்றதை மார்க்ஸ் வழியில் விளக்கிவிடலாம். ஷிப்டு கணக்கில் ஓடிய வீட்டின் ஒழுங்கும், ஆலைக்காரர் என்ற மதிப்பும், உடன் வேலை செய்தவர்களின் உறவும் கலைந்ததற்கு இந்தக் கருத்தே பொருத்தமான விளக்கம். ஆலையில் வேலை பார்த்த தாத்தா வீட்டில் இருந்தால், கூலியைத் தவிர வேறு என்னவெல்லாம் அன்றோடு நின்றுபோயின என்று மாணவர் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம். வகுப்பில் இரண்டு கோட்பாடுகளையும் அந்தப் பதில்களின் மேல் வைத்துப் பார்க்கலாம்.