டிரெட்மில்லில் ஃபிட்னஸ் பேண்ட்: கம்பியை விட்டால் கணக்கு சரி

மண்டபம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது அடிகளை ஒழுங்காக எண்ணுகிற, கையில் கட்டுகிற இந்த ஃபிட்னஸ் பேண்ட், ஐப்பசி மழைக்கு ஜிம்முக்குள் போய் டிரெட்மில்லில் ஏறினதும் பாதிக் கணக்கை விட்டுவிடுகிறது. உள்ளே இருக்கிற ஆக்சலரோமீட்டர் என்கிற சென்சார் மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான் அடியைக் கண்டுபிடிக்கும், நாம் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதுக்கு எப்படித் தெரியும்? கம்பியை விட்டு, கைவீசி நடங்கள். முழங்கால் வலிக்காகப் பிடித்துத்தான் ஆகணும் என்றால் பேண்டைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எண்ணிக்கை ஓரளவு தேறிவிடும். 100 அடியை மனசுக்குள் எண்ணித் திரையோடு ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரியும். தூரத்துக்கு மெஷின் காட்டுவதே போதும், நின்ற இடத்தில் நடக்கும்போது ஜிபிஎஸ் உதவாது. மற்றபடி தாராளமாக வாங்கலாம். நம்ம உப்புக்காத்துக்கு வாரின் இரும்புக் கொக்கி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, பிளாஸ்டிக் கொக்கி உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.