ஓரிகனா, வாஷிங்டனா? கொலம்பியா ஆற்றின் இரு கரைகள்

அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார்: "ஆத்துக்கு அந்தப் பக்கம் வான்கூவர்ல வீடு பாருங்க, மாநில வருமான வரி கிடையாது. சாமானெல்லாம் இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கலாம், விற்பனை வரி கிடையாது." கனடாவின் வான்கூவர் இல்லை இது. கொலம்பியா ஆற்றின் வடகரையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஊர். தென்கரையில் ஓரிகன் மாநிலம், போர்ட்லாந்து இருப்பது அங்கேதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை. வீடு வான்கூவரில் இருந்தாலும் வேலை போர்ட்லாந்தில் என்றால், அங்கே சம்பாதிக்கும் பணத்துக்கு ஓரிகன் வரி பிடித்தே தீரும். உச்ச விகிதம் 9.9 சதவீதம். வேலையும் வடகரையில் இருந்தால்தான் லாபம். விற்பனை வரிக் கணக்கிலும் ஒரு கொக்கி உண்டு. ஓரிகனில் கார் வாங்கி வாஷிங்டனில் பதிவு செய்யப் போனால், அந்த வரியை அங்கே எண்ணி வைக்க வேண்டும். மற்ற சாமானுக்கும் சட்டப்படி அதேதான். ஆனால் டிவி வாங்கியவர் எத்தனை பேர் தாமாகப் போய்க் கட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள். அரிசி, பருப்பு, காய்கறிக்கு வாஷிங்டனிலும் விற்பனை வரி இல்லை என்பதால் மாதாந்திர மளிகைக்காகப் பாலம் கடப்பது வீண் வேலை.

இரண்டு மாநிலமும் இந்த விஷயத்தில் அவரவர் பிடிவாதத்தை விட்டதில்லை. ஓரிகன் மக்கள் விற்பனை வரியை ஒன்பது முறை ஓட்டுப் போட்டு நிராகரித்திருக்கிறார்கள், கடைசியாக 1993-ல். வாஷிங்டனிலோ வருமானமும் சொத்துதான், சொத்து வரிக்கான கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும் என்று 1933-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து சம்பள வரி என்ற பேச்சே அங்கே முள்ளாகிவிட்டது.

சட்டத்தைப் பார்த்து ஆறு கடப்பது இன்று தொடங்கிய பழக்கமில்லை. 1844-ல் ஓரிகனின் தற்காலிக அரசு, கறுப்பினத்தவர் குடியேறத் தடை போட்டது, மீறினால் சவுக்கடி. அந்த வருடம்தான் ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்ற கறுப்பினத்தவர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். உடன் வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் அவரோடு வடக்கே நகர்ந்து, 1845-ல் இன்றைய டம்வாட்டர் பகுதியில் குடியேறின. அப்போது இரு கரையும் பிரிட்டனும் அமெரிக்காவும் கூட்டாக உரிமை கொண்டாடிய ஒரே பகுதி. 1846 ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்கா கையில் வந்தது. 1853-ல் வடபகுதி தனிப் பிரதேசமானது. அங்கிருந்தவர்கள் கேட்ட பெயர் கொலம்பியா. தலைநகர் மாவட்டத்தோடு குழம்பும் என்று நாடாளுமன்றம் வாஷிங்டன் என்று வைத்தது. குழப்பம் தீர்ந்த லட்சணம் நமக்குத் தெரியும்.

1859-ல் ஓரிகன் மாநிலமானபோது, கறுப்பினத்தவர் வரக்கூடாது என்ற விதி அதன் அரசியல் சாசனத்திலேயே இருந்தது. அதை நீக்கியது 1926-ல். இன்றைய போர்ட்லாந்தின் முற்போக்குப் பேச்சைக் கேட்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, கடற்கரைக்கு வருவோம். இங்கே என் ஓட்டு யோசிக்காமல் ஓரிகனுக்கு. 1913-ல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட், ஈர மணலைப் பொது நெடுஞ்சாலை என்று அறிவிக்க வைத்துப் பாதுகாத்தார். உலர்ந்த மணல் யாருக்கு என்ற கேள்வி அப்படியே தொங்கியது. 1966-ல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர், தன் விருந்தினருக்கு மட்டும் என்று உலர்ந்த மணலைத் தடுத்து வைத்தார். ஊர் கொதித்தது. உலர்ந்த மணலையும் பொதுவாக்கும் மசோதா சட்டமன்றத்தில் சிக்கிக் கிடந்தபோது, ஆளுநர் டாம் மெக்கால் ஹெலிகாப்டரில் கடற்கரைக்குப் போய் இறங்கி, நில அளவையாளர்களை வைத்து மணலில் எல்லை குறித்துக் காட்டினார், பத்திரிகைக்காரர்கள் பார்க்க. 1967-ல் சட்டம் நிறைவேறியது. இன்று அங்கே ஹேஸ்டாக் பாறையின் காலடி வரை நடக்கலாம். தண்ணீர் வடிந்த நேரத்தில் பாறையிடுக்குக் குட்டைகளில் நட்சத்திர மீன் ஒட்டிக் கிடக்கும். குளிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள், கோடையிலும் கால் விறைக்கும் குளிர்.

வாஷிங்டனின் பசிபிக் கரையும் பெரும்பாலும் திறந்ததுதான்; லாங் பீச்சில் மணல் மேலேயே கார் ஓட்டலாம். ஆனால் சியாட்டில் இருக்கும் பியூஜெட் சவுண்ட் பக்கம் கதை வேறு. அலை ஏறி இறங்கும் நிலத்தை மாநிலமே 1971 வரை தனியாருக்கு விற்றது. அழகான கரை எதிரே இருக்கும், கால் வைக்க இடம் தேட வேண்டும்.

மலைக்கு வாஷிங்டன்: ரெய்னியர் 4,392 மீட்டர், ஓரிகனின் ஹூட் அதற்குக் கிட்டே வராது. ஆட்சியில் புதுமைக்கு ஓரிகன்: காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும் வைப்புத்தொகைச் சட்டம் 1971-ல் நாட்டிலேயே முதலில் வந்தது அங்கே, முழுக்கத் தபால் ஓட்டும் அங்கேதான். வாஷிங்டன் தபால் ஓட்டைப் பின்னால் ஏற்றுக்கொண்டது. பாட்டிலுக்கு இன்னும் காசு கொடுப்பதில்லை. அரசியலில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் சியாட்டிலின் நாடாளுமன்ற உறுப்பினர். அக்கா சுசீலா ஜெயபால் போர்ட்லாந்து இருக்கும் மல்ட்னோமா கவுண்டியின் ஆணையராக இருந்தவர். ஒரே வீட்டில் ஆளுக்கொரு கரை.

வேலை சியாட்டில் பக்கம் என்றால் வாஷிங்டன், விவாதமே வேண்டாம். போர்ட்லாந்தில் வேலை என்றால் நான் தென்கரையிலேயே வீடு பார்ப்பேன். காரணம் வரி மட்டுமில்லை, அந்தப் பாலமும்தான். 1917-லும் 1958-லும் கட்டிய இரட்டைத் தூக்குப் பாலம். புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு வாஷிங்டன் செனட் 2013-ல் பணம் ஒதுக்காததால் அது அப்போது படுத்துவிட்டது. கப்பல் வந்தால் மணி அடித்துத் தடுப்பு இறங்கும், நடுப்பகுதி மேலே போகும், வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையாக நிற்கும். வடக்கே போகும் வரிசையில் பாதி வாஷிங்டன் நம்பர் பிளேட். அதில் ஒன்றின் கூரையில் கயிறு கட்டிய புது மெத்தை, மழையில் நனைந்துகொண்டு.