உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர்: தனியாக வாங்கினால் பாதிக் கருவிதான்

வீட்டுத் தொட்டியில் கடல் தண்ணீர் விட்டுப் பவளம் வளர்ப்பவர்களுக்கான கருவி இது. தண்ணீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை வைத்து அதில் உப்பு எவ்வளவு என்று காட்டும். ஆன்லைனில் பத்துப் பேர் பத்துப் பெயர் ஒட்டி விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே சாமான்தான்: கறுப்பு ரப்பர் பிடி, சாய்வான கண்ணாடி, அதன்மேல் மடங்கும் பிளாஸ்டிக் மூடி, ஒரு பிப்பெட், பொடி ஸ்க்ரூடிரைவர். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். காசுக்கு மோசமில்லை. ஆனால் கருவியைச் சரிபார்க்க உதவும் 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு, கடல் தண்ணீரின் அளவு) காலிபரேஷன் திரவத்தையும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் டூல் ரூமில் கேஜ், அதாவது அளவுக் கருவிகளைச் சரிபார்த்தே ரிடையர் ஆனவன் நான். கூட வரும் துண்டுச் சீட்டு என்ன சொல்கிறது? சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர் ரெண்டு சொட்டு விடு, கோட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வா, முடிந்தது. எங்கள் ஃபோர்மேனிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்திருக்கும். அளக்கப் போவது 35, சரிபார்ப்பது 0-வில் என்றால் என்ன நியாயம்? என் கருவி பூஜ்யத்தில் பிசகாமல் நின்றது. 35 திரவத்தை விட்டு அரை நிமிஷம் பொறுத்து டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்தால், மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவே கோடு 36.5-ல். இந்த மாதிரிக் கருவிகளில் பல, வெறும் சமையல் உப்புக் கரைசலுக்குப் போட்ட அளவுகோலோடு வருகின்றன. கடல் தண்ணீரில் மெக்னீசியம், சல்பேட் எல்லாம் கலந்திருப்பதால் ஒளி வளைவது வேறு கணக்கு. ஸ்க்ரூவைத் திருகி 35-ல் நிறுத்தினேன். பூஜ்யத்தில் இப்போது கொஞ்சம் தப்பாகக் காட்டும், காட்டட்டும்.

இதன் உபயோகம் எதிர்வீட்டுப் பையனின் தொட்டியில்தான் தெரிந்தது. பெங்களூர் அல்சூரில் எங்கள் அபார்ட்மென்டிலேயே கடல் தொட்டி வைத்திருப்பது நாங்கள் ரெண்டு பேர்தான். "அங்கிள், ஒண்ணுகூட விரியல, கடைக்காரர் இதெல்லாம் ஊத்தச் சொன்னார்" என்று மூன்று பாட்டிலோடு வந்து நின்றான். அயோடின், அமினோ அமிலம், இன்னொன்று லேபிளே புரியவில்லை. போய்ப் பார்த்தால் ஸோவாந்திட் (பூப்போல விரியும், பவளத்துக்குச் சொந்தக்கார உயிரி) எல்லாம் மொட்டாக மூடிக் கிடக்கிறது, காளான் மாதிரி இருக்கும் மஷ்ரூம் பவளம் சுருங்கியிருக்கிறது, தோல் போன்ற லெதர் பவளம் பளபளவென்று மெழுகு பூசினாற்போல நிற்கிறது. லெதர் மட்டும் அப்படி நின்றிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அது அவ்வப்போது தோல் உரிக்கும், சில நாள் மூடியே இருக்கும், நீரோட்டம் நன்றாகப் பட்டால் தானே கழற்றிவிடும். ஒன்று மட்டும் வாடினால் பூச்சியா, வெளிச்சமா, பக்கத்துப் பவளத்தின் தொல்லையா என்று தேடலாம். எல்லாம் சேர்ந்து வாடினால் முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

உப்பு பார்க்க அவனிடம் இருந்தது முள் ஆடும் பிளாஸ்டிக் டப்பா, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டுவது. 1.025 என்று, கடல் தண்ணீருக்கு ஏற்றபடி, சாதுவாகக் காட்டியது. முள்ளில் உப்புப் படிந்தால் கனம் ஏறி, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். என் கருவியில் 39! ஏப்ரல் மாத பெங்களூர் காற்றுக்குத் தொட்டித் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். இவன் வற்றியதற்கும் உப்புக் கலந்த தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறான்.

ஒரேயடியாக இறக்கக் கூடாது. அவனுடையது சுமார் 200 லிட்டர். தினம் ஐந்து லிட்டர் எடுத்துவிட்டு ஐந்து லிட்டர் ஆர்.ஓ. ஊற்றினால் ஏறக்குறைய ஒரு பிபிடி குறையும். அந்த ஆர்.ஓ.வும் சமையலறை மெஷினில் ருசிக்காக மினரல் கலந்து வருவதாக இருக்கக் கூடாது, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 35-க்கு வருவதற்குள்ளேயே ஸோவாந்திட் விரிய ஆரம்பித்தது. லெதர் தன் இஷ்டத்துக்கு நேரம் எடுத்துக்கொண்டு உரித்தது. மஷ்ரூமில் ஒன்று கரைந்தே போனது. பாட்டில்களை நான் திறக்க விடவில்லை.

(ஸோவாந்திட்டைத் தொட்டால் கையுறை போடுங்கள், சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. கல் பவளம் "சீப்பா வருது" என்று யாராவது காட்டினால் தொடவே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் அட்டவணை, புலி இருக்கும் அதே அட்டவணை.)

குறைகள்: கூட வரும் துணி கண்ணாடியைக் கீறும் போலிருக்கிறது, பழைய காட்டன் வேட்டித் துண்டு தேவலை. துடைக்காமல் மூடினால் உப்பு காய்ந்து அடுத்த முறை கோடு மங்கலாகத் தெரியும். மூடிக்கு அடியில் காற்றுக்குமிழி இருந்தாலும் அதே கதைதான்.

திரவம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: 36.5 கிராம் தூள் உப்பு, 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீர். கடல் தண்ணீர் 35-ல் ஒளியை வளைக்கும் அளவுக்கு இதுவும் வளைக்கும். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று வேண்டும், ஈரம் கோத்த கல் உப்பு வேண்டாம். வாங்கியதோ செய்ததோ, மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் அதுவும் வற்றி உப்பு ஏறிவிடும். நான் பாட்டில்மேல் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.