கடலோர வீட்ல சுருட்டு கெடாம வெக்கிறது: மரப்பெட்டி, ஏர்டைட் டப்பா ரெண்டையும் பல மழைக்காலம் பாத்த அனுபவம்

சிகார் எப்படி வெக்கணும்னு தேடினா கெடைக்கிற அட்வைஸ் முக்காவாசி குளிர் நாட்டுக்காரங்களுக்குனு எழுதினது. அங்க வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடும், காத்துல ஈரமே இருக்காது, இலை காஞ்சு நொறுங்கும், அதனால பெட்டிக்குள்ள ஸ்பாஞ்ச நனைச்சு வைங்க, மரத்துக்குத் தண்ணி காட்டுங்கன்னு சொல்லுவாங்க. அத அப்படியே கடலோரத்துல இருக்கிற பாண்டிச்சேரி குருசுக்குப்பத்துலயோ கடலூர் தேவனாம்பட்டினத்துலயோ செஞ்சா ஐப்பசி முடியறதுக்குள்ள சுருட்டு மேல பூசணம் பூத்துடும். நம்ம ஊர்ல சுருட்டுக்கு ஈரம் குடுக்கிற வேலையே கெடையாது, வெளிய இருக்கிற ஈரத்த உள்ள விடாம பாத்துக்கிறதுதான் வேலை. பாண்டிச்சேரி, கடலூர் பக்கம் புதுசா சுருட்டு சேத்து வெக்க ஆரம்பிக்கிறவங்க இத மொதல்ல பிடிச்சுக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எங்க வீடு கடலுக்குப் பக்கம், முதல் மாடி. ஃபிரெஞ்சு பட்டாளத்துல வேலை பாத்தவங்க வீட்ட சொல்தா குடும்பம்னு இங்க சொல்லுவாங்களே அந்த மாதிரி, மாமா ஃபிரான்ஸ்லயே செட்டில் ஆனவரு, ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு சிகார் கொண்டு வருவாரு. ஒரு ஆளு வரி கட்டாம 25 சுருட்டு வரைக்கும் கொண்டு வரலாம்ங்கறதால எப்பவும் ஒரு பாக்ஸ்தான் வரும். அது தவிர திருச்சி போற சொந்தக்காரங்க யாராச்சும் உறையூர் நாட்டுச் சுருட்டு கட்டு வாங்கிட்டு வருவாங்க. நான் குடிக்கிறது ரொம்ப கொஞ்சம், எப்பவாச்சும் ஒண்ணு, அதனால ஒரு பாக்ஸ் எங்கிட்ட ரொம்ப நாள் இருக்கும். ரொம்ப நாள் இருக்கறதுனாலதான் எப்படி வெக்கிறோம்ங்கறது இவ்ளோ முக்கியமாப் போச்சு.

பொதுவா சொல்ற கணக்கு 65ல இருந்து 70 சதவீதம் ஈரப்பதம், 18ல இருந்து 21 டிகிரி சூடு. இந்தச் சூட்டுக் கணக்கு நம்ம வீட்ல மார்கழி விடியக்காலைலகூட ஒழுங்கா வராது, அத அப்புறம் பாப்போம். ஈரப்பதம் வெளிய எவ்ளோ இருக்குன்னு தெரிய மீட்டர் வாங்கறதுக்கு முன்னாடி சமையல்கட்டுல இருக்கிற கல்லுப்பு ஜாடியப் பாருங்க. சுத்தமான உப்பு காத்துல ஈரம் 75 சதவீதத்தத் தாண்டினாத்தான் தண்ணி இழுக்கும், மரக்காணம் கல்லுப்புல மெக்னீசியம் உப்பும் கொஞ்சம் கலந்திருக்கறதால அது இன்னும் முன்னாடியே கசிய ஆரம்பிச்சிடும். ஜாடி அடில தண்ணி நின்னுச்சுன்னா உங்க சுருட்டு இருக்க வேண்டிய அளவ வெளிக்காத்து தாண்டியாச்சுன்னு அர்த்தம். எங்க வீட்ல மழைக்காலம் பூரா ஜாடி அப்படித்தான் இருக்கும், மத்த மாசத்துலயும் ராத்திரில பல நாள் அதே கதைதான்.

அதே உப்ப வெச்சு மீட்டரையும் சரி பாத்துக்கலாம், இத கண்டிப்பா செய்யணும், ஏன்னா சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் பல சமயம் 4, 5 பாயின்ட் தள்ளிக் காட்டும். தண்ணி பாட்டில் மூடி ஒண்ணுல தூள் உப்பு போட்டு ரெண்டு மூணு சொட்டு தண்ணி விடுங்க, கொழகொழன்னு மணல் மாதிரி இருக்கணும், கரைஞ்சு தண்ணியா ஆகக்கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு இழுத்து மூடி ராத்திரி பூரா விட்டுட்டு, காலைல கவரத் தொறக்காமலே நம்பரப் பாருங்க. 75 காட்டணும். 71 காட்டினா அந்த மீட்டர் எப்பவும் 4 கம்மியாக் காட்டுதுன்னு ஒரு துண்டு டேப்புல எழுதி பின்னாடி ஒட்டிடுங்க. இதுக்குன்னு தனி கிட்டெல்லாம் வாங்க வேணாம். ஆனா ஊசி வெச்ச வட்ட மீட்டர் பெட்டியோட சேந்தே வருமே, அழகா இருக்கும், அத நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க.

இப்ப மரப்பெட்டிக்கு வரேன். எங்கிட்ட இருக்கிறது உள்பக்கம் ஸ்பானிஷ் சீடர் பலகை அடிச்ச பெட்டி. சீடர் மரம் நல்ல மரம்தான், வாசனை சுருட்டோட ஒத்துப்போகும், ஈரத்த இழுத்து வெச்சுக்கிட்டு மெதுவா விடும். பிரச்சனை மூடில இருக்கு. ராத்திரி ரூம்ல லைட்ட அணைச்சிட்டு எரியற டார்ச்ச பெட்டிக்குள்ள வெச்சு மூடிப் பாருங்க, மூடி ஓரத்துல வெளிச்சம் தெரிஞ்சா அந்த வழியா காத்தும் போகுதுன்னு அர்த்தம். என் பெட்டில மூலை ரெண்டுலயும் கோடு மாதிரி தெரிஞ்சுது. ஊட்டி, பெங்களூர்ல இது ஒரு விஷயமே இல்லாம இருக்கலாம், இங்க வடகிழக்கு மழை பிடிச்சதும் உள்ள 70ல இருந்த நம்பர் மெதுவா ஏறி 76, 78னு போய் நிக்கும், மரம் உப்பி மூடி இறுகும், தை மாசம் காஞ்சதும் மறுபடி லூசாகும். ஏசி ரூம்ல வெச்சா இன்னொரு தொல்ல: ஏசி ஓடும்போது ரூம் ஈரம் 50 பக்கம் எறங்கும், ஆஃப் பண்ணிட்டு ஜன்னலத் தொறந்தா 80க்குப் போகும், பெட்டி அது பின்னாடியே ஏறி எறங்கிட்டு இருக்கும். சுருட்டுக்கு ஈரம் அதிகமா இருக்கறதவிட இந்த ஏத்த எறக்கம்தான் பெரிய கெடுதல், உள்ள இருக்கிற இலை உப்பற அளவுக்கு மேல சுத்தின மெல்லிசு இலை விரியாது, அதான் நெடுக வெடிக்குது. அதனால மரப்பெட்டிய இப்ப நான் கூடத்துல, அன்னிக்குக் குடிக்கப்போற ஒண்ணு ரெண்ட வெக்கிறதுக்கு மட்டும்தான் வெச்சிருக்கேன்.

ரொம்ப நாளைக்கு வெக்க ஏர்டைட் டப்பாதான் சரி, இதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. நாலு பக்கமும் லாக், மூடில ரப்பர் வளையம் இருக்கிற சாதாரண சமையலறை டப்பா. வாங்கினதும் உள்ள டிஷ்யூ பேப்பர் போட்டு மூடி பக்கெட் தண்ணில அமுக்கிப் பிடிங்க, எடுத்து தொடச்சிட்டு தொறந்தா பேப்பர் காஞ்சே இருக்கணும். பாஸானா நல்லாக் கழுவி, பிளாஸ்டிக் வாசனை போற வரைக்கும் நிழல்ல தொறந்து வைங்க, கசங்கின நியூஸ்பேப்பர உள்ள போட்டு வெச்சா சீக்கிரம் போகும். சிகார் பாக்ஸுக்குள்ள வர்ற மெல்லிசு சீடர் தகடுங்களத் தூக்கிப் போடாதீங்க, அத டப்பா அடில விரிச்சா மரப்பெட்டியோட நல்ல குணம் இங்கயே கெடைச்சிடும். சுருட்டு மேல இருக்கிற செல்லோஃபேன் கவர நான் கழட்டறதில்ல, அது வழியா ஈரம் மெதுவாப் போய் வரும், ஒண்ணுல பூசணம் வந்தா பக்கத்துல இருக்கறதுக்குத் தொத்தாம தடுக்கவும் செய்யும்.

உள்ள போடறது போவெடா மாதிரி ரெண்டு பக்கமும் வேல செய்யற பாக்கெட். உள்ள உப்புக் கரைசல் இருக்கு, மேல இருக்கிற தாள் தண்ணி ஆவிய மட்டும் விடும், காத்து காஞ்சா ஈரம் குடுக்கும், அதிகமானா இழுத்துக்கும். 60 கிராம் பாக்கெட் ஒண்ணு 25 சுருட்டுக்குன்னு கணக்கு, ஒரு பாக்ஸுக்கு ஒண்ணுன்னு சரியா அமைஞ்சிடுது. பாக்கெட் மேல இருக்கிற நம்பர்தான் அது நிறுத்தி வெக்கிற ஈரப்பத சதவீதம். கடைல 69ங்கற நம்பரத்தான் எல்லாரும் கைல குடுப்பாங்க, நம்ம ஊருக்கு 65 வாங்குங்கன்னு நான் சொல்லுவேன், கியூபா சிகாருக்கு 62கூட நல்லா இருக்கு. நம்ம சூட்டுல கொஞ்சம் காஞ்ச பக்கம் இருந்தா பூசணமும் வராது, இழுக்கவும் நல்லா இருக்கும், அடிக்கடி அணையாது. குளிர் நாட்ல இந்த பாக்கெட் காஞ்சு கல்லு மாதிரி ஆகும்போது மாத்துவாங்க. இங்க அது உப்பி தளதளன்னு தண்ணிப் பை மாதிரி ஆனாத்தான் கவலைப்படணும், அப்படி ஆச்சுன்னா டப்பா எங்கயோ லீக்னு அர்த்தம்.

இந்த செட்டப்புக்கு பெரிய பரீட்சை ஃபெஞ்சல் புயல்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி கரை கடந்துச்சு, பாண்டிச்சேரில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழ, கரண்ட் இல்ல, செவுரு பூரா ஓதம், பீரோவுல இருந்த பெல்ட்டு, செருப்பு எல்லாத்துலயும் பூசணம். கூடத்துல இருந்த மீட்டர் 90க்கு மேலயே நின்னுச்சு. தண்ணி வடிஞ்சு வீடு காயற வரைக்கும் டப்பாவத் தொறக்கவே இல்ல, உள்ள இருந்த மீட்டர் வெளிய இருந்தே தெரியற மாதிரி பக்கவாட்டுல ஒட்டியிருந்ததால நம்பர மட்டும் பாத்துக்கிட்டேன், 66லயே இருந்துச்சு. கண்ணாடி மாதிரி தெரியற டப்பாவா வாங்குங்கன்னு அதனாலதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், நம்பரப் பாக்கறதுக்காக மூடியத் தொறந்தீங்கன்னா அந்த ஒரு நிமிஷத்துலயே வெளிக்காத்து உள்ள போயிடும்.

தொறக்கறதுக்கும் நேரம் இருக்கு. வெயில் காலத்துல கடல் காத்து ஏறறதுக்கு முன்னாடி, மேக்காத்து அடிக்கிற மத்தியானத்துல காத்து நல்லாக் காஞ்சிருக்கும், அப்பத் தொறக்கலாம். மழைக்காலத்துல ஏசி போட்டு ரூம் காஞ்சப்புறம் தொறங்க. ஆனா ஏசில சில்லுன்னு ஆன டப்பாவ எடுத்துட்டுப் போய் பால்கனில தொறக்காதீங்க. 30 டிகிரி சூட்டுல 75 சதவீத ஈரம்னா ஒரு கன மீட்டர் காத்துல கிட்டத்தட்ட 23 கிராம் தண்ணி இருக்கு, 25 டிகிரிக்கு அந்தக் காத்து எறங்கினா அவ்ளோதான், அதுக்கு மேல தாங்காது, சில்லுன்னு இருக்கிற எது மேல பட்டாலும் வேர்த்துடும். சுருட்டு மேல அந்தச் சொட்டு விழுந்த எடத்துல கறை பிடிக்கும், அங்க இருந்துதான் பூசணமும் ஆரம்பிக்கும். டப்பா மூடினபடியே வெளிச் சூட்டுக்கு வர விட்டுட்டு அப்புறம் தொறங்க.

சூடு விஷயத்துல நாம செய்யக்கூடியது கொஞ்சம்தான். 24 டிகிரிக்கு மேல போனா இலைக்குள்ள இருக்கிற வண்டு முட்டை பொரிக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், நம்ம வீடு வருஷம் பூரா அதுக்கு மேலதான் இருக்கு. சுருட்டுல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை, பக்கத்துல பழுப்புத் தூள் தெரிஞ்சா அந்த வண்டுதான். நம்ம வீட்டு மஞ்சள், மல்லி, மொளகாய்லயும் இதே வண்டு விழும், அதனால மளிகை அலமாரி பக்கமே சுருட்டக் கொண்டு போகாதீங்க. புதுசா எந்த பாக்ஸ் வந்தாலும் ஜிப்லாக் கவர் ரெண்டு போட்டு, காத்த அமுக்கி எடுத்துட்டு, ஒரு நாள் ஃப்ரிட்ஜ் கீழ் தட்டு, மூணு நாள் ஃப்ரீசர், மறுபடி ஒரு நாள் கீழ் தட்டு, அப்புறம் கவரோடயே வெளிய வெச்சு சூடு சமமானதும் டப்பாவுக்கு மாத்தறேன். நேரா ஃப்ரீசர்ல போட்டு நேரா வெளிய எடுத்தா இலை வெடிக்கும். கரண்ட் அடிக்கடி போற நாள்ல இத ஆரம்பிக்காம இருக்கிறது நல்லது.

ஒயின் ஃப்ரிட்ஜ் மாதிரி ஒண்ணு வாங்கலாமான்னு கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கிற மச்சான் கேட்டாரு. கம்ப்ரசர் இல்லாத சின்ன டைப் வெளிச்சூட்டவிட ஒரு அளவுதான் கொறைக்கும், அக்னி நட்சத்திரத்துல திணறும், கம்ப்ரசர் இருக்கிறது உள்ள இருக்கிற ஈரத்த இழுத்துடும். ஒண்ணு ரெண்டு பாக்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு அந்தச் செலவு வேணாம்னு சொல்லிட்டேன். டப்பாவ மேக்கு செவுத்துலயும் வெளிச்செவுத்துலயும் ஒட்டாம, வீட்டு நடுவுல இருக்கிற பீரோவோட கீழ் தட்டுல, துணிக்கு நடுவுல வைங்க, சூடு ஏறி எறங்கறது நல்லாக் கொறையும். அந்த பீரோவுல ஊதுபத்தி, பாச்சா உருண்டை எதுவும் கூடாது. பூட்டும் போடுங்க, புகையிலைய சின்னக் குழந்தை வாய்ல போட்டா உயிருக்கே ஆபத்து.

ஏற்கெனவே ஈரம் ஏறின சுருட்டு கைல இருந்தா அமுக்கிப் பாருங்க, பஞ்சு மாதிரி உள்ள போச்சுன்னா அதிக ஈரம். பத்த வெச்சா ஒரு பக்கமா எரியும், இழுக்க கஷ்டமா இருக்கும், கசக்கும். அத அவசரமா காய வெக்கக்கூடாது. சிலிக்கா ஜெல்லையும் அரிசியையும் டப்பாவுக்குள்ள போட்டு வெக்கிறவங்க இருக்காங்க, அதுக்கு நிறுத்தத் தெரியாது, மேல் இலைய சருகாக்கிட்டுப் போயிடும். 69 பாக்கெட்ல கொஞ்ச வாரம், அப்புறம் 65னு படிப்படியா எறக்குங்க. பூசணம் மேல மட்டும் வெள்ளையாப் பொடி மாதிரி இருந்தா காஞ்ச துணியால தொடச்சிட்டு தனியா வெச்சு கவனிக்கலாம். பச்சை, நீலம்னு நெறம் வந்தாலோ, பத்த வெக்கிற முனைல உள்பக்கமா தெரிஞ்சாலோ தூக்கிப் போட்டுடுங்க, எவ்ளோ வெல குடுத்து வாங்கினதா இருந்தாலும் சரி, அந்தப் பூசணத்த நெஞ்சுக்குள்ள இழுக்கக்கூடாது.

நாட்டுச் சுருட்ட சிகார் டப்பால சேக்காதீங்க. அது காஞ்ச நெலைல குடிக்கத்தான் சுத்தறாங்க, ரெண்டு பக்கமும் தொறந்தே இருக்கும், 65ல வெச்சா பதம் போயி நமுத்துடும், வாசனையும் பலமா இருக்கறதால பக்கத்துல இருக்கிற சிகாருக்கு ஏறிடும். அதுக்கு தனியா ஒரு கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, வேணும்னா மூடிக்கு அடில சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம், இங்க மட்டும் அது சரி.

மெயின்டனன்ஸ்னு பாத்தா வருஷத்துல ஒரு தரம், புரட்டாசி மாசத்துல, மழைக்கு முன்னாடி. ரப்பர் வளையத்தக் கழட்டித் தொடச்சு வெடிப்பு இருக்கான்னு பாக்கறேன், பக்கெட் தண்ணி டெஸ்ட் மறுபடி பண்றேன், மீட்டர் பேட்டரி மாத்தி உப்பு டெஸ்ட், பாக்கெட்ட வெரலால அமுக்கிப் பாத்து வேணும்னா புதுசு. வளையம் தளர்ந்திருந்தா டப்பாவையே மாத்திடுவேன், அது ஒரு சுருட்டு வெலகூட ஆகாது.