ஏ.சி.எல். சவ்வு சத்திரசிகிச்சைக்குப் பிறகு போக வெள்ளவத்தையில் ஓர் இடம்

ஏ.சி.எல். என்பது முழங்காலுக்குள் இருக்கும் முன்குறுக்குச் சவ்வு. கொழும்பில் பல இடங்களில் அதற்குச் சத்திரசிகிச்சை முடிந்தவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தசைக்குக் கரன்ட் பிடித்து, ஐஸ் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் இந்தச் சிறிய விளையாட்டு மருத்துவ நிலையத்தில் எதையும் அளந்த பிறகே செய்கிறார்கள். அதற்காகவே சிபாரிசு செய்கிறோம்.

பொறுப்பு மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, விளையாட்டு மருத்துவத்தில் பட்டப்பின் படிப்பும் படித்தவர். எம்ஆர்ஐ படத்தைப் பார்க்கமுன் கையால் சோதிக்கிறார். முழங்காலை 20–30 பாகை மடித்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழ்க்காலை முன்னே இழுத்து, சவ்வு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் லக்மன் சோதனை அது. நல்ல காலில் முதலில், அடிபட்டதில் பிறகு. வலியில் தொடை இறுகினால் சோதனை பிழைக்கும். அப்படியானவர்களை வீக்கம் வற்றிய பின் வரச் சொல்கிறார்.

சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு கிழமையும் முழங்காலை முற்றாக நீட்டுவதில்தான் கவனம். குதிக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய், முழங்காலுக்கு அடியில் வெறுமை. வீட்டில் சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்குத் தலையணை கொடுப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கடைசி ஐந்து பாகை நீளாமல் நின்றால் நடையில் நொண்டல் தங்கிவிடும்.

மெச்ச வேண்டியது தசைப் பலத்தை அளக்கும் முறை. தொடைத் தசையை அளக்கும் டைனமோமீட்டரைக் கையால் பிடித்தால், பலமான காலுக்கு முன் பிடிப்பவரின் கை தளர்ந்து எண் குறைவாக விழும். இங்கே கருவியைப் பட்டியால் கட்டிலின் காலோடு கட்டி அளக்கிறார்கள். ஓய்வில் நல்ல காலும் மெலிந்துவிடும் என்பதால் சத்திரசிகிச்சைக்கு முன்பே அதை அளந்து எழுதிவைக்கிறார்கள். இதைச் செய்யும் இடங்கள் குறைவு. மீண்டும் விளையாட அனுமதிக் கடிதம் வேண்டுமானால், தசைப் பலமும் ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலின் 90 சதவீதத்தைத் தொடவேண்டும், சத்திரசிகிச்சை முடிந்து ஒன்பது மாதமும் கடந்திருக்கவேண்டும். 2016இல் வெளியான டெலவெயர்–ஒஸ்லோ ஆய்வில், ஒன்பது மாதம் வரை பொறுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் காயப்படும் வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மார்ச்சில் பாடசாலை கிரிக்கெட் பிக் மேட்ச் வருகிறது என்று பெற்றோர் எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு முன் கடிதம் கிடைக்காது. அந்தப் பிடிவாதம் பிள்ளைகளின் காலைக் காப்பாற்றுகிறது.

குறைகளும் உண்டு. நிலையம் முதலாம் மாடியில், லிஃப்ட் இல்லை; ஊன்றுகோலோடு வருபவருக்கு இது கொடுமை. மாலை ஐந்துக்குப் பிறகு சனலிங் (முன்பதிவு) நம்பர் எடுத்தாலும் காத்திருக்கவேண்டும். பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டும். தமிழில் கேட்டால் பிசியோ பொறுமையாகச் சொல்லித் தருவார், போனில் பதிந்துகொள்ளுங்கள்.

போகும்போது சத்திரசிகிச்சைக் குறிப்பைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அறுந்ததற்குப் பதிலாக வைத்த ஒட்டுச் சவ்வு உடம்பில் எங்கிருந்து எடுத்தது, மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) தைத்ததா என்பது அதில்தான் இருக்கும். தைத்திருந்தால் முதல் கிழமைகளில் எவ்வளவு மடிக்கலாம், எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதே மாறும். குறிப்பில்லாமல் போனால் அன்று பயிற்சி தொடங்கமாட்டார்கள்.