எரர் கோடு, மீட்டர், கேஜ்: பழைய எக்ஸ்கவேட்டரின் கோளாறை எதை நம்பித் தேடுவது?

"காலையில நல்லா வேலை செய்யுது. சூடேறினதும் பூம் தூக்கவே மாட்டேங்குது." பழைய எக்ஸ்கவேட்டர் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. பூம் என்பது மிஷினின் பெரிய கை. உடனே மூன்று யோசனைகள் வரும். சென்சாரை மாற்று என்பார் ஒருவர். லேப்டாப்பை மாட்டி எரர் கோடு பார்க்கலாம் என்பார் இன்னொருவர். மல்டிமீட்டரும் பிரஷர் கேஜும் கொண்டுவா என்பார் மூன்றாமவர். என் ஓட்டு மூன்றாமவருக்கு. மற்ற இரண்டும் வீண் என்று சொல்ல மாட்டேன். அவை எந்த இடத்தில் கைவிடும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்சாரை வாங்கி மாற்றிப் பார்ப்பதில் பெரிய ஆபத்து பணம் போவது மட்டுமல்ல. கனெக்டரைக் கழற்றி மாட்டும்போதே அதற்குள் பச்சைத் துரு பிடித்த உலோக முள் கொஞ்சம் சுத்தமாகிவிடும், மிஷின் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், புது சென்சார்தான் காரணம் என்று நம்பிவிடுவோம். மூன்றாம் நாள் பழைய கதை.

ஆனால் இதே வழியில் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. இரண்டு மெயின் பம்ப் உள்ள பல மிஷின்களில் இரண்டுக்கும் ஒரே மாதிரி பிரஷர் சென்சார் இருக்கும். அவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். கோடும் கூடவே அடுத்த பம்புக்கு மாறினால் சென்சார் கெட்டது. அதே இடத்தில் நின்றால் வயரிங் அல்லது கன்ட்ரோலர் (மிஷினின் கம்ப்யூட்டர் பெட்டி). வயர் எட்டினால் கனெக்டர்களை மட்டும் மாற்றி மாட்டினாலே போதும், எண்ணெய் லைனைத் தொட வேண்டாம். சென்சாரையே கழற்றுவதாக இருந்தால் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, கீயை ஆனில் வைத்து லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி, டேங்க் பிரஷரையும் விட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம் போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

அடுத்து, லேப்டாப். கேட்டர்பில்லருக்கு எலக்ட்ரானிக் டெக்னீஷியன், ஹிட்டாச்சிக்கு டாக்டர் இசட்எக்ஸ் என்று கம்பெனிக்கு ஒரு மென்பொருள். கொமாட்சு போன்றவற்றில் கேபின் மானிட்டரின் சர்வீஸ் மெனுவிலேயே கோடும் நேரடி அளவுகளும் தெரியும். லேப்டாப்புக்கு அலைவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

கோடைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். ஜே1939 என்பது கனரக வண்டிகளின் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் பொது முறை. அந்த முறையில் வரும் கோடில் எஸ்பிஎன் எந்த சர்க்யூட் என்று சொல்லும். எஃப்எம்ஐ என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 3 என்றால் வோல்டேஜ் வரம்புக்கு மேல், 4 என்றால் வரம்புக்குக் கீழ், 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது வயர் அறுந்தது, 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த்தில் ஷார்ட். கவனியுங்கள், இதில் எதுவுமே "சென்சார் கெட்டது" என்று சொல்லவில்லை. சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார், வயர், கனெக்டர், எர்த், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பிரஷர் சென்சார்களில் மிகப் பரவலான வகைக்கு 5 வோல்ட் சப்ளை போகும். அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட், முழு அழுத்தத்தில் 4.5 வோல்ட் திரும்பி வரும். இந்த எல்லைக்கு வெளியே போனால் கன்ட்ரோலர் உடனே கண்டுபிடித்துவிடும். எல்லைக்கு உள்ளேயே இருந்துகொண்டு தவறாகச் சொல்லும் சென்சாரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கோடு எதுவும் வராது, மிஷின் மட்டும் இழுக்காது. சூடேறினால் வரும் கோளாறுகளில் இந்த ரகம் உண்டு. லேப்டாப்பை மட்டும் நம்புகிறவர் இங்கேதான் நாள் கணக்கில் மாட்டிக்கொள்வார்.

கேஜ் தேவைப்படும் இடம் இதுதான். 20 டன் ரக மிஷின்களில் மெயின் ரிலீஃப், அதாவது அழுத்தம் எல்லை மீறாமல் எண்ணெயைத் திறந்துவிடும் வால்வு, சுமார் 350 பார் அளவில் இருக்கும். பம்பின் சோதனைப் போர்ட்டில் 600 பார் கேஜை மாட்டி, எண்ணெய் சூடான பிறகு, ஆர்மை (பூமுக்கும் பக்கெட்டுக்கும் இடைப்பட்ட கை) கடைசிவரை இழுத்துப் பிடியுங்கள். கேஜ் 350 காட்டும்போது மானிட்டர் 200 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சிக்னல் வயரில் மல்டிமீட்டர். சென்சார் 0 முதல் 500 பார் வகையாக இருந்தால் 350 பாருக்கு 3.3 வோல்ட் வர வேண்டும். 2.1 வோல்ட்தான் வருகிறது, 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் சரி என்றால் சென்சார் பொய் சொல்கிறது. சென்சார் அருகே 3.3 வந்து கன்ட்ரோலர் பக்கம் குறைந்தால் வயரிங். இரண்டு பக்கமும் 3.3 வந்தும் மானிட்டர் 200 காட்டினால்தான் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கலாம். கேஜே 200 காட்டினால்? சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பம்ப், அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், ரிலீஃப் வால்வு பக்கம் போங்கள். மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

மல்டிமீட்டர் தனியாகவே தீர்க்கும் வேலைகளும் நிறைய. ஒரே நேரத்தில் நான்கைந்து சென்சார் கோடு வந்தால் நான்கும் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். பொது 5 வோல்ட் லைனை ஏதோ ஒன்று ஷார்ட் செய்து இழுக்கிறது. மீட்டரை அந்த லைனில் வைத்து சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். எதைக் கழற்றியும் திரும்பவில்லையா, ஹார்னஸ் (வயர் கட்டு) எங்கோ உரசியிருக்கலாம்: பூம் அடிப்பகுதி, பம்ப் அறை, கிளாம்ப் காணாமல் போன இடம்.

எர்த்தை ஓம் அளவில் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் நன்றாகவே காட்டும். லோடு ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் கன்ட்ரோலர் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு வயர் கேன் லைனில் பேட்டரியைத் துண்டித்து இரண்டு வயருக்கும் இடையே 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் லைனின் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய டெர்மினேட்டர் ரெசிஸ்டர்களில் ஒன்று இணைப்பில் இல்லை. அளக்கும்போது வயரின் தோலைக் குத்தாமல் கனெக்டரின் பின்பக்கம் வழியாக முனையை நுழையுங்கள். குத்திய ஓட்டையில் தண்ணீர் புகுந்து அடுத்த கோளாறு அங்கேயே பிறக்கும்.

பம்பின் சொலினாய்டு (கரண்ட்டால் இயங்கும் வால்வு) விஷயத்தில் பல மாடல்களில் ஒரு பேக்கப் சுவிட்ச் இருக்கிறது. கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு நிலையான கரண்ட்டை அனுப்பும். சாதாரண நிலையில் இழுக்காத மிஷின் பேக்கப்பில் இழுத்தால், பம்பைப் பிரிக்கச் சொல்பவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம்; கோளாறு மின்சாரப் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னும் வாங்கவில்லை, பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வரிசை மாறும். அங்கே கேஜ் மாட்ட பெரும்பாலும் விடமாட்டார்கள். மானிட்டரில் கோடே இல்லை என்பதும் சாட்சி ஆகாது; நேற்றுகூட அழித்திருக்கலாம். ஒரு மணி நேரம் சூடேற ஓட்டச் சொல்லி, அதன் பிறகு மெனுவைத் திறந்து பாருங்கள். ஃபியூஸ் பெட்டியையும் திறங்கள். மூடியில் 10 ஆம்பியர் என்று போட்ட இடத்தில் 30 செருகியிருந்தாலோ, பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயர் ஓடினாலோ, முன்பு வைத்திருந்தவர் தேடிக் கண்டுபிடிக்காமல் விட்ட ஷார்ட் இன்னும் உள்ளேதான் இருக்க வாய்ப்பு அதிகம்.